ஊசிமுனை அறிந்த காந்தச் சுழல்கள்

காந்த குணமுள்ள மெல்லிய உலோகப் படலம் ஒன்றில், அணுக்களின் தற்சுழற்சி அச்சுகள் நடுவிலே கீழ்நோக்கியும் விளிம்பிலே மேல்நோக்கியும் நின்று, இடைப்பட்ட பகுதியில் ஒரே போக்கில் முறுகித் திரும்பி ஒரு வட்டமாக அமையும்போது, அதனை ஸ்கிர்மியான் என்று வழங்குகிறோம். இத்தகைய சுழல்கள் காந்தங்களில் நிலைபெறக்கூடும் என்று போக்டனோவும் யாப்லோன்ஸ்கியும் 1989-இல் சித்தாந்த ரீதியாக உரைத்தனர். 2009-இல் மாங்கனீசு சிலிசைடுப் படிகத்தில் நியூட்ரான் சிதறல் அவற்றின் அணிவகுப்பைக் காட்டியது. ஆயினும் அணிவகுப்பை அறிவது வேறு, தனிச் சுழல் ஒன்றை இன்னதென்று நிர்ணயிப்பது வேறு. பின்னதில் ஊசிமுனை நுண்ணோக்கிகள் ஆற்றிய பணியே இங்கு ஆராய்ச்சிக்குரியது.

பின்னிக், ரோரர் இருவரும் 1981-இல் சூரிச்சில் உருவாக்கிய ஊசிமுனை நுண்ணோக்கியிலிருந்து கிளைத்தவற்றுள், காந்த விசையை அளக்கும் ஊசி நமக்கு விசேஷ முக்கியத்துவம் உடையது; ஏனெனில் அதைப் பற்றி 1987-இல் வெளிவந்த முன்னோடிக் கட்டுரையை ஈவ் மார்ட்டினுடன் சேர்ந்து எழுதியவர் இலங்கையில் பிறந்த குமார் விக்ரமசிங்க. நூறு நானோமீட்டர் நுட்பமே அன்று எட்டப்பட்டது. ஹாம்பர்க் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியில் சென்றனர்: காந்தமேற்றிய முனையிலிருந்து எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, இரிடியத்தின்மேல் ஓரணுக் கனமே உள்ள இரும்பில் நானோ ஸ்கிர்மியான் அணியை 2011-இல் கண்டனர், 2013-இல் பல்லேடியமும் இரும்பும் அடுக்கிய படலத்தில் தனிச் சுழல்களை அந்த முனையாலேயே எழுதவும் அழிக்கவும் செய்தனர். அரிய சாதனைதான், ஆனால் ஹீலியக் குளிரிலும் அதிவெற்றிடத்திலும் மட்டுமே சாத்தியமானது.

சாதாரண வெப்பநிலையில் சுழல்களைக் கண்ட முயற்சிகளுள் சிங்கப்பூரில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. அஞ்சன் சௌம்யநாராயணன், ராஜு, பனகோபௌலோஸ் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரிடியம், இரும்பு, கோபால்ட், பிளாட்டினம் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் படியவைத்து, இரும்பு, கோபால்ட் அடுக்குகளின் கனத்தை மாற்றுவதனாலேயே சுழல்களின் அளவை இரு மடங்கும் அடர்த்தியைப் பத்து மடங்கும் மாற்றலாம் என்று நிறுவினர். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் டன் கணக்கில் வார்க்கப்படும் இரும்பேதான், இங்கே நானோமீட்டருக்கும் குறைந்த கனத்தில், பக்கத்து உலோகத்தின் ஸ்பரிசத்தால் சுழல்களைத் தாங்கும் இப்புதுக் குணத்தைப் பெறுகிறது.

இவ்வாய்வில் பயன்பட்ட காந்த விசை நுண்ணோக்கியில் ஊசி முதலில் பரப்பின் மேடுபள்ளங்களைத் தடவிச் செல்லும். பின்னர் சற்றே உயர்ந்து அதே தடத்தில் மீண்டும் செல்கையில், அதன் அதிர்வில் தோன்றும் கட்ட மாற்றம் காந்தப் புலத்தின் தடயமாகப் பதிவாகும். படத்தில் தெரிவது ஒரு வட்டப் புள்ளி மட்டுமே. சுழற்சியின் திசையை ஊசி நேரே காண்பதில்லை. வெறும் காந்தக் குமிழியும் அவ்வாறே தோன்றலாம். போதாக்குறைக்கு, ஊசியின் சொந்தப் புலமே சுழலை நகர்த்தவோ அழிக்கவோ வல்லது. ஆகவே காந்தத் திறன் குறைந்த முனைகளை நாடுகின்றனர். வட்டத்தைக் கண்ட மாத்திரத்தில் ஸ்கிர்மியான் என்று பெயரிடுவது, என் கருத்தில், பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் குழப்புவதாகும். கணிப்பொறிப் பாவனைகள், எக்ஸ்-கதிர்ப் படங்கள், மின்கடத்தல் அளவீடுகள் ஆகிய சாட்சிகள் ஒத்துவந்தபின்னரே அப்பெயர் தகும்.

அச்சாட்சிகளும் முற்றிலும் ஒத்துவிடவில்லை. அதே சிங்கப்பூர்ப் படலங்களைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆய்வில், மின்கடத்தல் அளவீட்டில் கிட்டும் ஹால் மின்தடையில் சுழல்களின் முறுக்கால் எழும் ஸ்தானவியல் பகுதி, ஊசி எண்ணிக் காட்டிய தனிச் சுழல்களின் அடர்த்தியோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. அளவிலோ, நடைமுறைச் சித்தாந்தம் அந்த அடர்த்திக்கு அனுமதிப்பதைவிட மிகப் பெரிதாக இருந்தது.