தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம்



மலருக்கு நம்ம குழுக்களோட பழைய வரலாற்றை எழுதிக் கொடுங்கன்னு போன மாதக் கூட்டத்தில் என்னைக் கேட்டாங்க. "ஆரம்பத்துல இருந்து இருக்கறவங்க நீங்கதான்"ன்னு சொல்லி எல்லாரும் கை தட்டிட்டாங்க. எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து பரண் மேல இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். எங்க குழுவின் முதல் தீர்மானப் புத்தகத்தில் இருந்து இன்னைக்கு வரைக்கும் எல்லாம் அதில் இருக்கு. ரெண்டு புத்தகத்தைக் கரையான் ஓரமா அரிச்சிருந்தது. மத்தபடி படிக்க முடியுது.

படிச்சுக்கிட்டே வந்தவ ஒரு பக்கத்தில் நின்னுட்டேன். அந்தப் பக்கத்தை விட்டுட்டு இந்த வரலாற்றை எழுதினா அது பாதி வரலாறுதான். அதனால் அதையும் சேர்த்தே எழுதறேன்.

எப்படி ஆரம்பிச்சது

இளம் உறுப்பினர்கள் பல பேருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-லேயே வந்துடுச்சு. ஆனா 1989-ல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, இங்கேதான் குழு அமைக்கும் வேலையைத் தொடங்கினாங்க. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோடதான் இருந்தது. 2004-ல்தான் பிரிஞ்சது. இங்கே நல்லபடியா நடந்ததைப் பார்த்து 1991-92-ல் சேலம், தென்னாற்காடு, அடுத்த வருஷம் மதுரை, ராமநாதபுரம்னு விரிவாக்கினாங்க. 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுக்கச் சோதனை முயற்சியா 500 குழுக்களுக்கு வங்கிக் கடன் இணைப்பு கொடுக்கத் திட்டம் போட்டது. 1997-98-ல் மகளிர் திட்டம்னு பேர் வச்சுத் தமிழ்நாடு அரசே தன் பணத்தில் நடத்த ஆரம்பிச்சது.

ஏன் தருமபுரின்னு கேட்டா, பெருமைப்படற மாதிரி பதில் இல்லை. மானாவாரி பூமி. மழை பெஞ்சா ராகி, சாமை. இல்லேன்னா பெங்களூருக்குச் சித்தாள் வேலை. மாசி, பங்குனியில் புளி தட்டற கூலி. அதோட பொம்பளைப் பிள்ளை பிறந்தா வேண்டாம்னு நினைக்கிற கொடுமையும் நம்ம பக்கத்தில் இருந்தது. பக்கத்துச் சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-ல் அது நம்ம மாவட்டத்துக்கும் வந்தது. எதுக்கு வந்ததுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1989-ல் இன்னொரு காரியமும் நடந்தது. தமிழ்நாட்டில் பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டுன்னு சட்டம் போட்டாங்க. எங்களுக்கு அது தெரியவே பத்து வருஷம் ஆச்சு. தெரிஞ்சப்பவும் எனக்குப் பிரயோசனம் இல்லை. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு கிடையாதுன்னு அதில் இருந்தது. எனக்கு 1986-லேயே கல்யாணம் ஆயிடுச்சு. 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தின பிறகுதான் அந்த வேறுபாடு போச்சு.

வாரம் அஞ்சு ரூபா

எங்க குழு 1991 அக்டோபரில் ஆரம்பமானது. இருபது பேர். வாரம் அஞ்சு ரூபா சேமிப்பு. அந்த அஞ்சு ரூபாய்க்கு எத்தனை சண்டைன்னு மூத்தவங்களுக்குத் தெரியும். "அஞ்சு அஞ்சா வாங்கிட்டு ஒருநாள் ஓடிடுவாங்க"ன்னு ஆம்பளைங்க டீக்கடையில் பேசினாங்க. என் வீட்டுக்காரரும் பேசினார். நான் ராகி மாவுப் பானைக்குள்ள காசை ஒளிச்சு வச்சுக் கட்டினேன்.

முதல் புத்தகத்தில் எல்லாம் கைநாட்டுதான். எங்க இருபது பேரில் எழுத்து தெரிஞ்சவங்க ரெண்டே பேர். கணக்கை ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து எழுதுவான். அவனுக்குக் கடலை உருண்டை கொடுப்போம். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் ராத்திரி அரிக்கேன் விளக்கு வச்சு நாங்களும் படிச்சோம். ரெண்டு வருஷத்தில் நான் தட்டுத் தடுமாறி எழுதப் பழகிட்டேன். 1996 மார்ச்சில் பையனுக்குப் பரீட்சை. வரமுடியலை. "நீயே எழுது"ன்னு புத்தகத்தை என் கையில் கொடுத்தாங்க. நான் என் கையால எழுதின முதல் தீர்மானம் அதுதான்.

அந்தப் பக்கத்தில்தான் இப்போ நின்னுட்டேன்.

என் கையெழுத்து

எழுத்துப் பிழையோட இப்படி இருக்கு: ஒரு உறுப்பினர் ஐந்து மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. கடன் 1,500 வாங்கியதில் பாக்கி 800. வட்டி 80. சேமிப்பு 1,040. கழித்தது போக மீதி 160. இன்றோடு அவரைக் குழுவை விட்டு நீக்குகிறோம். அதுக்குக் கீழே பதினெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும்.

அவங்களை அக்கான்னே எழுதறேன். பேர் போட வேண்டாம்னு அவங்களே சொன்னாங்க. ஆரம்பத்தில் வீடு வீடா வந்து எங்களைக் குழுவில் சேர்த்தவங்கள்ல அவங்களும் ஒருத்தர். நாலு வருஷம், 208 வாரம், ஒரு வாரம் தவறாம அஞ்சு ரூபா கட்டியிருக்காங்க. 1995 அக்டோபருக்குப் பிறகு காணோம். ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு பேச்சு. கடனுக்குப் பயந்து ஓடிட்டான்னு முடிவு பண்ணிட்டோம்.

குழு விதிப்படி நாங்க செஞ்சது சரி. கடன் திரும்பலேன்னா வங்கியில் கெட்ட பேர் வரும். அப்போதான் இந்தியன் வங்கியில் எங்களுக்கு முதல் கடனுக்குப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்தது. ஒருத்தரால இருபது பேர் கடன் போயிடுமேன்னு பயம். கணக்கிலும் தப்பு இல்லை. இப்போ மறுபடி போட்டுப் பார்த்தேன், சரியா இருக்கு.

ஆனா அந்தப் பக்கத்தில் ஒரு விஷயம் இல்லை. அக்கா அப்போ நிறைமாசமா இருந்தாங்க. ஏற்கெனவே ரெண்டு பொண்ணு. அது எங்க பதினெட்டுப் பேருக்கும் தெரியும். பிரசவம் ஆச்சா, என்ன குழந்தை, குழந்தை எங்கேன்னு யாரும் கேட்கலை. நானும் கேட்கலை. உண்மையைச் சொன்னா, கேட்டா என்ன பதில் வருமோன்னு பயந்துதான் கேட்கலை. மீதி 160 ரூபாயை அவங்க அம்மா வீட்டுக்காவது அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யலை. அது குழுவின் பொதுப் பணத்தில் கலந்துடுச்சு.

நடுவில் நடந்தவை

அதே 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூணில் ஒரு பங்கு இடம்னு வந்த முதல் தேர்தல். எங்க வார்டு பெண்கள் வார்டு ஆச்சு. "குழுவில் எழுதத் தெரிஞ்சவ இவதான்"ன்னு என்னை நிறுத்தினாங்க. டீக்கடையில் கேலி பேசினவங்களே எனக்கு ஓட்டுப் போட்டாங்க. அஞ்சு வருஷம் வார்டு உறுப்பினரா இருந்தேன். ரெண்டு தெருவிளக்கும் ஒரு கைப்பம்பும் கொண்டு வந்தேன். பெண் குழந்தையைக் காப்போம்னு ஊர்வலத்தில் அட்டை பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடந்ததும் நான்தான்.

2001-ல் மதுரைப் பக்கம் சின்னப்பிள்ளை அம்மாவுக்கு விருது கொடுத்தப்போ பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி எங்க கூட்டம் நடக்கிற இடத்தில் ஒட்டினோம். கூலிக்குக் கதிர் அறுத்த அம்மா. களஞ்சியம் குழுக்களை வளர்த்தவங்க. 2019-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தாங்க. நம்மள மாதிரி ஒருத்திக்கு இப்படியும் நடக்குமான்னு ஆச்சரியப்பட்டோம்.

எங்க குழுவுக்கும் கறவை மாடு, தையல் மெஷின், புளி வாங்கி விற்கிற தொழில்னு ஒவ்வொண்ணா வந்தது. கடன் 10,000-ல் இருந்து லட்சங்களுக்குப் போச்சு. 2016 நவம்பரில் 500, 1,000 செல்லாதுன்னு அறிவிச்சப்போ ராகிப் பானைக்குள்ள இருந்த ரகசியம் எல்லார் வீட்டிலும் வெளியே வந்ததை நினைச்சா இப்பவும் சிரிப்புதான். இதெல்லாம் மலரில் மத்தவங்க விவரமா எழுதுவாங்க. நான் 2020-க்கு வர்றேன்.

பள்ளிக்கூட வராந்தா

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துச்சே, அப்போ நம்ம கூட்டமைப்பில் முகக்கவசம் தைச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியூரில் இருந்து வந்தவங்களைப் பள்ளிக்கூடத்தில் பதினாலு நாள் தனியா வச்சிருந்தாங்க. அவங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற வேலை எங்க குழுவுக்கு.

ஜூன் மாதம் ஒருநாள் பெங்களூரில் இருந்து ரெண்டு பேர் வந்திருந்தாங்க. ஓசூர் வரைக்கும் நடை, அங்கிருந்து காய்கறி லாரி. ஒரு அம்மா, ஒரு பொண்ணு. மூக்கை மூடிக் கட்டியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியலை. களியை வராந்தா ஓரமா வச்சுட்டுத் திரும்பினேன்.

"என்ன கண்ணு, எழுதப் படிக்கக் கத்துக்கிட்டியாமே"ன்னு குரல் வந்தது. குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.

பதினாலு நாள் முடிஞ்ச பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்போதான் சொன்னாங்க.

"மூணாவதும் பொண்ணு. எங்க மாமியார் குழந்தையை என் பக்கத்துல போடவே விடல. ஒன்பதாம் நாள் எனக்குப் புரிஞ்சுபோச்சு. பெரியவ ரெண்டு பேரும் எங்கம்மா வீட்டுல இருந்தாங்க. இதைத் தூக்கிக்கிட்டு விடியறதுக்குள்ள பஸ் ஏறிட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா"ன்னேன்.

"யார்கிட்ட சொல்றது? எங்க மாமியாரோட நாத்தனார் அதே ஜமக்காளத்துலதானே உட்கார்ந்திருந்தாங்க. நீங்களும் யாரும் வந்து கேட்கலையே."

கோபமா சொல்லலை. சும்மா நடந்ததைச் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. எனக்குத்தான் தலை நிமிரலை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொண்ணுக்கு அப்போ இருபத்தி நாலு வயசு. பெங்களூரில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி மூடிட்டதால் ஊருக்கு வந்தாங்க. அடுத்த நாள் முகக்கவசம் தைக்கிற இடத்துக்கு வந்து ஒரு மெஷினில் உட்கார்ந்தா. நாங்க ஒண்ணு தைக்கிறதுக்குள்ள அவ மூணு தைச்சா.

நூற்று அறுபது ரூபாய்

நான் தகரப்பெட்டியை எடுத்துட்டுப் போய்க் குழுக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் படிச்சேன். கையெழுத்துப் போட்ட பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் அப்போ இருந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தர், "அந்த 160-ஐத் திருப்பிக் கொடுத்துடலாம்"னாங்க. இன்னொருத்தர், "அதென்ன நியாயம்? அவங்ககிட்ட மாசம் ரெண்டு பைசா வட்டி பிடிச்சோமே, அதே வட்டி நாமளும் கொடுக்கணும்"னாங்க. கணக்குப் போட்டோம். 291 மாதம். 160-க்கு மாதம் 3 ரூபாய் 20 காசு. வட்டி 931 ரூபாய் 20 காசு. மொத்தம் 1,091 ரூபாய் 20 காசு. இருபது காசுக்கு எங்கே போறதுன்னு 1,092-ஆக் கொடுத்தோம்.

பெருந்தன்மையா வேண்டாம்னு சொல்வாங்கன்னு எங்களில் சில பேர் எதிர்பார்த்தோம். அக்கா வாங்கி, எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டா எண்ணி, முந்தானையில் முடிஞ்சுக்கிட்டாங்க. "என் காசுதானே"ன்னாங்க. அதுதான் சரின்னு இப்போ எனக்குத் தோணுது.

அவங்களை மறுபடி உறுப்பினரா சேர்க்கத் தீர்மானம் போட்டோம். அதையும் நானே எழுதினேன். அவங்க பொண்ணு இன்னைக்கு நம்ம கூட்டமைப்பின் தையல் கூடத்தில் மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறா. பள்ளிச் சீருடை வேலையில் அவ வெட்டினதுதான் பாதி. அவளைப் பார்க்கிற போதெல்லாம், அன்னைக்கு அக்கா அந்தப் பஸ்ஸை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மனசு நடுங்கும்.

இதை எழுதலாமான்னு அக்காவைக் கேட்டேன். "எழுது. பேர் மட்டும் வேண்டாம்"னாங்க. எழுதினதைப் பொண்ணுக்கும் படிச்சுக் காட்டினேன். அவளும் சரின்னா.

அதுக்குப் பிறகு எங்க குழுவில் ஒரு விதி சேர்த்திருக்கோம். யாரையும் நீக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். அந்த ரெண்டு பேரும் அவங்களுக்குச் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. தனியா உட்கார்ந்து பேசணும். அவங்க சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதின பிறகுதான் கையெழுத்து. இந்த விதியை எல்லாக் குழுக்களும் எடுத்துக்கணும்னு வர்ற பொதுக்குழுவில் முன்மொழியப் போறேன். நீங்க எல்லாரும் யோசிச்சுட்டு வாங்க.

சகோதரிகளே, நம்ம வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. கைநாட்டு வச்ச நான் மலருக்குக் கட்டுரை எழுதறேன். ஓடிப்போனவங்கன்னு நாங்க எழுதி வச்சவங்க ஒரு உயிரைக் காப்பாத்தினவங்களா திரும்பி வந்தாங்க. உங்க வீட்டுப் பரணிலும் பழைய தீர்மானப் புத்தகம் இருந்தா இறக்கிப் பாருங்க. நீக்கப்பட்டவங்க பேர் இருந்தா, அவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு ஒரு தடவை விசாரிங்க.