டிராம்போலின் பயிற்சியும் இயக்கத்திறனும்: சிறப்புக் கல்வியில் ஒரு நோக்க மாற்றம்

அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளை டிராம்போலினில் குதிக்க வைப்பது எதற்காக? அறிவு வளரும் என்பதற்காகவா, உடல் வலுப்பெறும் என்பதற்காகவா? சிறப்புக் கல்வியில் முதல் விடையே நெடுங்காலம் கோலோச்சியது. அது இரண்டாம் விடைக்கு வழிவிட்டது எப்படி என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஊஞ்சலில் தொடக்கம்

தசைகளைப் பழக்கினால் புலன்கள் கூர்மை பெறும், புலன்வழியே அறிவு துலங்கும் என்று கருதியவர் பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகேன். அமெரிக்காவில் குடியேறியபின் 1866இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரித்துரைத்தார். அவருடைய கருவியொன்றைப் பின்பற்றித் தாம் செய்வித்த ‘டிராம்போலினோ’வை மரியா மாண்டிசோரி 1909இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். அது அகன்ற இருக்கை கொண்ட ஊஞ்சல். குழந்தை கால்களை நீட்டி அமர்ந்து, எதிர்ச்சுவரில் உள்ள பலகையை உதைத்து உதைத்து ஆடும். உடலின் எடை காலில் இறங்காமலே முழங்கால் மூட்டு வலுப்பெறும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த கருவி

இன்றைய டிராம்போலின் வேறு மரபில் பிறந்தது. அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நிசனும் லாரி கிரிஸ்வோல்டும் 1930களில் அதை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் பயிற்சிக்கு உதவிய அக்கருவி, பின்னர் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் இடம்பிடித்தது. அங்கே செகேனின் கருத்து அதனுடன் சேர்ந்துகொண்டது. அமெரிக்க உளவியலாளர் நியூவெல் கெபார்ட், 1960இல் வெளிவந்த நூலில், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு நடைப்பலகையோடு டிராம்போலினையும் பரிந்துரைத்தார். உடலசைவும் புலனுணர்வும் இசைந்தால் படிப்பும் கைகூடும் என்பது அவர் வாதம்.

அதே காலத்தில் மற்றொரு பார்வையும் உருவானது. ஆய்வாளர்கள் பிரான்சிஸ், ராரிக் இருவரும் 1959இல் வெளியிட்ட ஆய்வு, அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகள் இயக்கத்திறனில் ஒத்த வயதினரைவிட இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. உடல்திறன் தனித்துக் கவனிக்கத்தக்க பொருளாயிற்று.

இரு பின்னடைவுகள்

கழுத்து முறிந்து கைகால் செயலிழந்த நிகழ்வுகளால், பள்ளிகளில் டிராம்போலினைத் தடைசெய்ய 1977இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு கோரியது. 1981இல் கட்டுப்பாடுகளுடன் கூடிய பயன்பாட்டுக்கு இடமளித்தது. அடுத்த அடி 1983இல் விழுந்தது. ஆய்வாளர்கள் கேவல், மேட்சன் இருவரும் 180 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கெபார்ட் பரிந்துரைத்தது போன்ற புலன்-இயக்கப் பயிற்சியால் படிப்பில் பயன் ஏதும் தென்படவில்லை என்றனர்.

அளவிடப்பட்ட பயன்

இதற்கிடையே இங்கிலாந்தில் எடி ஆண்டர்சன் ‘ரீபவுண்ட் தெரபி’யை வளர்த்தெடுத்திருந்தார். நிற்க முடியாதவரையும் டிராம்போலின் விரிப்பில் படுக்கவோ உட்காரவோ வைத்து, மெல்ல அசைத்துப் பயிற்றும் முறை அது. 2013இல் வெளியான கிரேக்க ஆய்வொன்றில், மிதமான அறிவுசார் குறைபாடுடைய 18 குழந்தைகளில் ஒரு பிரிவினர் 12 வாரங்கள், நாள்தோறும் 20 நிமிடம் தனித்தனியே டிராம்போலின் பயிற்சி பெற்றனர். அவர்களிடம் உடல் நெகிழ்வு, நீளத்தாண்டல், செங்குத்துத்தாண்டல், சமநிலை ஆகிய அனைத்தும் மேம்பட்டன. காரணம் விளங்கக்கூடியதே: விரிப்பு அமிழ்ந்து எழும் ஒவ்வொரு முறையும் கால் தசைகளும் உட்செவியின் சமநிலை உறுப்பும் உடலை நிமிர்த்தப் பாடுபடுகின்றன. அதே அசைவு திரும்பத் திரும்ப நிகழ்வதால், வாய்மொழி விளக்கத்தைப் பெரிதும் சாராமலே குழந்தை கற்றுக்கொள்கிறது.

முடிவுரை

18 பேரை வைத்துப் பொது முடிவு கூறுவது மிகை. பாதுகாப்பும் கருதத்தக்கது: டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கக்கூடும். மருத்துவப் பரிசோதனையும் நேரடிக் கண்காணிப்பும் இன்றி அவர்களை டிராம்போலினில் ஏற்றலாகாது. ஆயினும் வரலாறு ஒன்றைத் தெளிவுபடுத்துகிறது: அறிவை வளர்க்கும் என்ற வாக்குறுதியைக் கைவிட்ட பிறகே இப்பயிற்சியின் பயன் சோதித்தறியக் கூடியதாயிற்று. எனவே பயிற்றுநர் குறித்துவைக்க வேண்டியது மதிப்பெண்ணை அன்று; குழந்தை ஒற்றைக்காலில் எத்தனை நொடி நிற்கிறது, எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்பதைத்தான்.