நேரத்தைக் கொண்டு இடத்தை அளத்தல்: டிரிஃப்ட் அறையும் உதகையின் குழாய்களும்

மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று வாயுவின் ஊடே பாயும்போது வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. சாதாரண அழுத்தத்தில் உள்ள ஆர்கானில் 1 செ.மீ. தொலைவுக்கு ஏறத்தாழ 100 எலக்ட்ரான்கள் இவ்வாறு வெளிப்படும். துகள் சில நானோவிநாடிகளில் கடந்து போய்விடும். அதன் தடம் மட்டும் எலக்ட்ரான் கோடாக எஞ்சும். அருகே உயர் மின்னழுத்தத்தில் ஒரு மெல்லிய கம்பி இருந்தால் அந்த எலக்ட்ரான்கள் அதை நோக்கி நகரும். கம்பியை ஒட்டிய வலுவான மின்புலத்தில் ஒன்று பல்லாயிரமாகப் பெருகி, அளக்கத்தக்க துடிப்பாகும்.

1968இல் செர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஷார்பாக் இத்தகைய கம்பிகளைச் சில மி.மீ. இடைவெளியில் வரிசையாகக் கட்டினார். 1992இன் நோபல் பரிசு அதற்கு வந்தது. அந்தக் கருவியில் கம்பி சொல்வது ஒன்றுதான்: துகள் என் பக்கமாகப் போனது. 1971இல் ஹைடல்பெர்க்கில் வாலென்டாவும் உடன் ஆய்வாளர்களும் துடிப்பு எந்தக் கம்பியில் வந்தது என்பதோடு எப்போது வந்தது என்பதையும் குறித்தனர். ஆர்கான் கலவைகளில் எலக்ட்ரானின் இழுப்புத் திசைவேகம் மைக்ரோவிநாடிக்கு ஏறத்தாழ 5 செ.மீ.; அதாவது 1 நானோவிநாடிக்கு 0.05 மி.மீ. நேரத்தை 2 நானோவிநாடி துல்லியத்தில் அளந்தால் தொலைவு 0.1 மி.மீ. அளவுக்குத் தெரிந்துவிடும். கம்பிகளை நெருக்கிக் கட்ட வேண்டியதில்லை. இதுவே டிரிஃப்ட் அறை. ('இழுப்பறை' என்றால் மேசையின் அறை நினைவுக்கு வரும் என்பதால் இங்கு இப்பெயரே ஆளப்படுகிறது.)

இந்தத் துல்லியம் கம்பியில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது வாயுவைப் பற்றிய அறிவில் இருக்கிறது. துகள் கடந்த கணம் தனியாகத் தெரிய வேண்டும். அதை வேகமான ஒளிர்வுக் கருவி தருகிறது. இழுப்புத் திசைவேகம் மின்புலத்துக்கும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் கலவை விகிதத்துக்கும் ஏற்ப மாறும். அதனால்தான் மின்புலம் சற்று மாறினாலும் வேகம் பெரிதாக மாறாத கலவைகள் விரும்பப்படுகின்றன. நேரம் தொலைவைச் சொல்லுமே தவிர, துகள் கம்பிக்கு இடப்புறமா வலப்புறமா என்பதைச் சொல்லாது. அடுத்த அடுக்கின் கம்பிகளை அரை இடைவெளி தள்ளிக் கட்டி அந்த ஐயம் தீர்க்கப்படுகிறது. நேரத்தைத் தொலைவாக்கும் வாய்பாடும் கையேட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை. பதிவான தடங்களைக் கொண்டே அது மீண்டும் மீண்டும் திருத்தப்படுகிறது.

சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்கும் ஜப்பானின் பெல்-2 பரிசோதனையில் இதன் முழு வடிவம் இருக்கிறது. 0.03 மி.மீ. தடிப்பில் தங்கப் பூச்சிட்ட டங்ஸ்டன் கம்பிகள் 14,336. அவற்றைச் சுற்றி மின்புலத்தை வடிவமைக்கும் அலுமினியக் கம்பிகள் 42,240. உறையூர்த் தறியில் பாவு நூல் ஒன்று தளர்ந்தால் அந்த இடத்தில் நெசவு கெடும். இங்கும் அப்படியே, ஒரு கம்பி தொய்ந்தால் அதைச் சுற்றிய மின்புலமும் நேரக் கணக்கும் பிசகும். ஹீலியமும் ஈத்தேனும் சரிபாதி கலந்த வாயு, துகளின் வழியை அதிகம் கலைக்காது. 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் உந்தமுள்ள துகள் 2.2 மீ. ஆரத்தில் வளையும். 1 மீ. நீளத் தடத்தில் நாணிலிருந்து வில் எழும்பும் உயரம் 5.6 செ.மீ. மட்டுமே. உந்தம் இந்த உயரத்திலிருந்தே கணிக்கப்படுவதால், இடத்தை 0.1 மி.மீ. அளவில் அறிவது இங்கு கட்டாயம்.

உதகமண்டலத்தில், 2,200 மீ. உயரத்தில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் வேறு வழியில் நடக்கிறது. விண்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்னும் துகள்களைப் பதியும் அதன் தொலைநோக்கியில் 6 மீ. நீளமும் 10 செ.மீ. சதுர வெட்டுமுகமும் கொண்ட எஃகுக் குழாய்கள் 3,712. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு டங்ஸ்டன் கம்பி. உள்ளே 90 பங்கு ஆர்கானும் 10 பங்கு மீத்தேனும். குழாய்கள் நான்கு அடுக்குகளாக, அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. மொத்தப் பரப்பு 560 ச.மீ. எந்தக் குழாய் துடித்தது என்பதே தடத்தை வகுப்பதால் இடத்தில் ஏறத்தாழ 3 செ.மீ. பிழை வரும், திசை ஏறத்தாழ 6 பாகைக்குள் தெரியும்.

அதே குழாயில் இழுப்பு நேரத்தை அளந்தால் இடம் மில்லிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும். எலக்ட்ரான் சுவரிலிருந்து கம்பிக்கு வர 1 மைக்ரோவிநாடியோ சற்றுக் கூடுதலோதான் ஆகும். அப்படி அளக்காததைப் பின்தங்கிய நிலை என்று கருதுவது தவறு. குழாய்களின் மேல் 2 மீட்டருக்கும் அதிகமான கான்கிரீட் இருக்கிறது. 1 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த மியூவான்களை வடிகட்டுவது அதுதான். வரம்பைச் சற்றே தாண்டி வரும் மியூவானை அந்தக் கான்கிரீட்டே சில பாகை திருப்பிவிடும். வானத்தில் வந்த திசை அங்கேயே மங்கிய பிறகு, கீழே மில்லிமீட்டர் துல்லியம் மீட்டுத் தருவது சொற்பம். இங்கு தேவை பரப்பும் எண்ணிக்கையும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள் 169 திசைக் கூறுகளாகப் பதிவாகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று தலைக்கு மேல் நின்றபோது மியூவான் எண்ணிக்கை 2 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அந்தச் சிறு குறைவிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணிக்கப்பட்டு, 2019இல் முடிவு வெளியானது. எண்ணிக்கை பெரிதாக இல்லாவிட்டால் அந்தக் குறைவு தற்செயல் ஏற்ற இறக்கத்தில் மறைந்திருக்கும்.

இந்த அமைப்புக்கு எல்லை உண்டு. ஒரே விண்கதிரால் காற்றில் பிறந்து ஒன்றாக இறங்கும் துகள் கூட்டமான பெரிய காற்றுப் பொழிவு ஒன்றின் மையம் நேராகக் குழாய்களின் மேல் விழும்போது, ஒரே குழாயில் பல மியூவான்கள் ஒருசேர நுழையும். துடித்த குழாய்களை மட்டும் எண்ணினால் அவை ஒன்றாகவே கணக்கில் வரும். இழுப்பு நேரமும் இங்கு பெரிதாக உதவாது, முதலில் கம்பியை அடையும் எலக்ட்ரான்களே நேரத்தைக் குறித்துவிடும். இத்தகைய பொழிவுகளில் மியூவான்களைப் பிரித்தறியக் குழாயின் அகலத்தைத்தான் குறைக்க வேண்டும்.