சிற்றிலும் சிதைவும்: கொழும்புத் தமிழ்ச் சிறாரின் மனவடுவும் விளையாட்டுச் சிகிச்சையின் வரலாறும்

குழந்தைகளின் விளையாட்டை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரசாங்க அறிக்கை ஆகியவற்றை நாடிச் செல்லும் நாம், முற்றத்து மணலிற் கட்டப்பட்டு மாலைக்குள் அழிந்துபோகும் சிறுவீட்டைப் பொருட்படுத்துவதில்லை. நம் பழம் புலவரோ அதனைப் பொருட்படுத்தினர். குறிஞ்சிக் கலியில் ஒரு பாட்டிலே, தெருவில் இழைத்த மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்துப் பந்தையும் பறித்தோடிய சிறுவனைப் பெண்ணொருத்தி வளர்ந்த பின்னரும் நினைவுகூர்கின்றாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றிற் பருவம், கட்டிய வீட்டைச் சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் வேண்டுவதாகவே அமைகின்றது. கட்டுதல், சிதைத்தல், மீளக் கட்டுதல் ஆகியவை பிள்ளை விளையாட்டின் இயல்பென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மெய்யான வீடே பிள்ளையின் கண்முன் எரிந்தபின் இவ்விளையாட்டு என்னவாகின்றது என்னும் வினாவைக் கொழும்பு நகரத் தமிழ்ச் சிறாரை முன்வைத்து நாம் இங்கு ஆராய்வோம்.

கொழும்பில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் தமிழர் செறிந்து வாழும் இரு பகுதிகள். காலி வீதிக்கும் கடலுக்கும் அண்மித்த முன்னதில், உத்தியோகம் நாடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் பெருகின. துறைமுகத்தை அண்டிய பின்னதில் வணிகரும் துறைமுகத் தொழிலாளரும், சைவரும் கத்தோலிக்கரும் அயலயலே வாழ்ந்தனர். 1958 மே, யூன் மாதங்களில் நிகழ்ந்த வன்செயலின்போது கொழும்புத் தமிழர் பலர் றோயல் கல்லூரி முகாமிற் புகலடைந்து, பின்னர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். 1977 ஓகஸ்டிலும் வன்செயல் நிகழ்ந்தது. 1983 யூலை 23 ஆம் திகதி இரவு திருநெல்வேலியிற் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையிற் கனத்தை மயானத்தருகே தொடங்கிய தாக்குதல், 25 ஆம் திகதி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எனப் பரவியது. இதனை 'இனக்கலவரம்' என எழுதுவோர் உளர். இரு சாராரும் மோதியதே கலவரம் எனப்படுமாதலின் 'வன்செயல்' என்னும் சொல்லையே நாம் ஆள்கின்றோம். வீடிழந்தோர் இரத்மலானை விமான நிலையத்திலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கினர். 'லங்கா கல்யாணி' முதலிய கப்பல்கள் அவர்களைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்றன.

இந்நிகழ்ச்சிகள் பற்றிய நூல்கள் பல. கொல்லப்பட்டோர், எரிந்த கடைகள், பறிபோன தொழில்கள் ஆகியன அவற்றில் எண்ணப்பட்டன. பிள்ளைகளோ பெற்றோரின் தொகைக்குள் அடங்கிப்போயினர். சிங்கள அயலவர் பலர் தம் வீடுகளில் தமிழ்க் குடும்பங்களை ஒளித்துக் காத்தனர் என்பதை நன்றியுடன் குறிப்பிடுதல் வேண்டும். அவ்வாறு ஒளிந்திருந்த அறைகளிற் பிள்ளைகளுக்கு இடப்பட்ட முதற் கட்டளை 'வாய் திறவாதே' என்பதாகும். உயிர் காத்த கட்டளை அது. ஆயின் அதனை நீக்கும் மறுகட்டளையை யாரும் இடவில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் காணும் பெருங்குறை. கப்பலால் இறங்கியபின் புதிய பாடசாலை தேடப்பட்டது, சீருடை தைக்கப்பட்டது, தவறிய தவணைப் பாடங்கள் ஈடுசெய்யப்பட்டன. பேசாதிருந்த பிள்ளை 'அடக்கமான பிள்ளை' எனப் பாராட்டும் பெற்றது. அன்று ஏழெட்டு வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதை எட்டிவிட்டனர்.

பெரியோரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்னும் பெயரே 1980 இலேதான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்றது. சிறுபிள்ளைகளில் அந்நோய் ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுதலாக வெளிப்படும் என்னும் குறிப்பு 1987 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலேயே சேர்ந்தது. எனினும் விளையாட்டினூடே பிள்ளையின் துயரை அறியும் முறை அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. முதலாம் உலகப்போரின் பின் போலந்திற் பணியாற்றிய மருத்துவர் மாகிரற் லோவன்பெல்ட், 1928 இல் இலண்டனிற் சிறுவர் நிலையமொன்றைத் தொடங்கினார். மணல் நிரப்பிய தட்டும், மனிதர், வீடு, மரம், வண்டி முதலிய சிற்றுருவங்கள் அடங்கிய பெட்டியும் அவர் முறையின் கருவிகள். பிள்ளை தன் உலகை மணலில் அமைக்கும். பெரியவர் உடனிருந்து காண்பார். நம் மொழியிற் கூறின் அது சிற்றில் இழைத்தலேயாம்.

இரண்டாம் உலகப்போரில் இலண்டன் குண்டுவீச்சுக்குள்ளானபோது, அன்னா பிராய்டும் டொறத்தி பேர்லிங்காமும் ஹாம்ஸ்டெட்டிற் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தினர். அவர்கள் குறித்துவைத்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் வரலாறு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அவன் தந்தை குண்டுவீச்சில் இறந்தார். அதனை ஏற்க மறுத்த சிறுவன் கடதாசியால் வீடுகள் செய்து, அவற்றின்மீது குண்டு வீசி விளையாடினான். அவன் விளையாட்டில் மனிதர் யாவரும் எப்போதும் தப்பினர். வீடுகள் எப்போதும் மீளக் கட்டப்பட்டன. அவ்வாறு மறுத்தும் மனம் அமைதியுறாமையால் அவ்விளையாட்டு ஓயாது தொடர்ந்தது. தந்தை இறந்தார் என்பதைப் பல மாதங்களின் பின் அவன் தன் வாயாற் கூற வல்லவனானபோது, அது தானே நின்றது.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? விளையாடினாற் போதும், புண் ஆறிவிடும் என்னும் கருத்து முழு உண்மையன்று. 1976 யூலையிற் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்னும் ஊரிற் பாடசாலைப் பேருந்துடன் கடத்தப்பட்டு, நிலத்துள் புதைக்கப்பட்ட வாகனத்தில் அடைக்கப்பட்டு மீண்ட 26 பிள்ளைகளை ஆராய்ந்த லெனோர் டெர் என்னும் உளமருத்துவர் இதனைத் தெளிவாகக் காட்டினார். அச்சத்தின்பின் தனியே, மகிழ்வின்றி, ஒரே முடிவுடன் மீண்டும் மீண்டும் ஆடப்படும் விளையாட்டு அச்சத்தைக் குறைப்பதில்லை. சிலவேளை கூட்டவும் செய்கின்றது. அதனைச் சிகிச்சையாக்குவது உடனிருக்கும் பெரியவரின் இருப்பே. 1947 இல் 'விளையாட்டுச் சிகிச்சை' என்னும் நூலை வெளியிட்ட வேர்ஜினியா அக்சிலைன், அப்பெரியவரின் ஒழுகலாற்றை வரையறுத்தார். பிள்ளையை உள்ளவாறே ஏற்றல், முன்னின்று நடத்தாது பின்தொடர்தல், விரைவுபடுத்தாமை, தேவையான எல்லையை மட்டும் இடுதல் என்பன அவற்றுட் சில. கிழமைதோறும் அதே அறை, அதே நேரம், அதே ஆள். பிள்ளை பொம்மை வீட்டை எரிப்பதாக ஆடினால் 'அப்படிச் செய்யாதே' என்றோ 'நல்ல வீடாகக் கட்டு' என்றோ கூறப்படுவதில்லை. உள்ளே யாரும் இருக்கின்றனரா என மெல்லக் கேட்கப்படலாம்; கேட்கப்படாமலும் விடலாம். அறிவுரை கூறுதலையே அன்பெனப் பழகிவிட்ட நம் சமூகத்துக்கு இது எளிதன்று.

ஈழத்தில் இவ்வறிவு வேரூன்றியது கொழும்பிலன்று. போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலுமாம். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் நூலைத் தமிழிற் தந்தார்; உளவளத்துணைச் சொற்கள் பல அங்கிருந்தே வழக்குப் பெற்றன. மட்டக்களப்பில் 1996 இல் 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தோன்றியது. யேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகமும், கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பேருந்தில் அழைத்துவரப்பட்டு, மரநிழலிற் களிமண், ஓவியம், கதை, நாடகம், இசை ஆகியவற்றில் ஈடுபட்டனர். ஒன்றையொன்று அஞ்சிய ஊர்களின் பிள்ளைகள் ஒரே களிமண்ணிற் கையிட்டமை அதன் சிறப்பு. 2004 கடற்கோளின் பின்னர் விளையாட்டுப் பொருள்களுடன் வந்த நிறுவனங்கள் பல. அவற்றுட் சில பொருளைப் பகிர்ந்து, படமெடுத்து, சில வாரங்களில் மீண்டன. பொம்மை வழங்குதல் வேறு, விளையாட்டுச் சிகிச்சை வேறு. இவ்வேறுபாட்டை அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையிற் கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. அதேநாள் தாக்கப்பட்ட மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் மாண்டனர். மறுநாள் திருத்தலத்தின் அருகே நின்ற வாகனமொன்றிலும் குண்டு வெடித்ததால், அயற்பிள்ளைகள் இரண்டாம் முறையும் அவ்வொலியைக் கேட்டனர். யூன் 12 ஆம் திகதி ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. கல்லும் ஓடும் ஏழு வாரங்களிற் சீராகலாம். 1983 ஐ ஒளிந்திருந்து கடந்த பிள்ளைகளுட் சிலர் இப்போது பாட்டன் பாட்டியராய், 'அதைப் பற்றிப் பேசாதே' எனத் தம் பேரர்க்குக் கூறும் நிலையில் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெள்ளவத்தையிலோ பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் மற்றொன்று எனப் பிள்ளையின் பொழுது கழிகின்றது. பிள்ளையின் விளையாட்டுரிமையை ஏற்கும் 1989 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது என்பதை அவ்வகுப்புகளின் நேரசூசி அறிந்ததாகத் தெரியவில்லை.

கொழும்பிலே மணற்தட்டு வைப்போர் லோவன்பெல்ட்டின் பெட்டியை அவ்வாறே பெயர்த்துக் கொணர்தல் பொருந்தாது. அடுக்கு மாடியும் ஓட்டு வீடும், கோபுரமும் விகாரையும் பள்ளிவாசலும், முச்சக்கர வண்டியும், கரையோரப் புகையிரதமும், ஆடிவேல் தேரும் அதில் இருத்தல் வேண்டும். கப்பலும் வேண்டும், காத்த கப்பலும் வீட்டைவிட்டுக் கொண்டுபோன கப்பலும் ஒன்றே. கொச்சிக்கடைப் பிள்ளையின் தட்டருகே தேவாலயத்தை வைக்கலாமா எனப் பெரியோர் தயங்கலாம். வைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. அது நிமிர்ந்து நிற்பதா, கவிழ்ந்து கிடப்பதா, கவிழ்ந்தால் எத்தனை கிழமை அவ்வாறு கிடப்பது என்பனவற்றைப் பிள்ளையே முடிவு செய்யும்.