ஐந்து சதவீதம் எதைக் குறிக்கிறது? வேப்பங்கொட்டைச் சாறும் நெல் உழவர் பயிற்சியும்

நெல் உழவர்க்கு வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சிகள் வேரூன்றாமைக்கு வேலைச்சுமையையும் உழவரின் பொறுமையின்மையையும் காரணம் காட்டுவது ஆய்வு வழக்காகிவிட்டது. குறை பயிற்சி பெற்றவரிடம் அன்று, கற்றுத்தரப்படும் பரிந்துரையை நாம் வாசிக்கும் முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. தமிழ்நாட்டில் வழங்கும் பரிந்துரைப்படி 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். இதுவே 5 சதவீதக் கரைசல். இந்த 5 என்பது பருப்பின் எடைக்கணக்கு. பருப்பில் உள்ள, பூச்சியைத் தாக்கும் அசாடிராக்டின் என்னும் பொருளின் செறிவு அன்று. அச்செறிவு மரத்துக்கு மரம் மாறும். ஆனி, ஆடியில் பொறுக்கிய கொட்டையை நிழலில் உலர்த்தாமல் ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சம்பாவில் பூச்சி ஏறும் கார்த்திகைக்குள் வீரியம் குன்றிவிடும். ஒரே அளவில் கரைத்தாலும் இரு உழவர் தெளிப்பது ஒரே மருந்தாக இராது. ஆய்வு நிலையத்தில் கண்ட பலன் வயலில் காணாதபோது, உழவரைக் குறைகூறுமுன் கொட்டையின் வயதைக் கேட்டிருக்கலாம்.

பலனை அளப்பதிலும் இதே வழுக்கல் உண்டு. தெளித்த மறுநாள் செத்த பூச்சியை எண்ணுவது நரம்பு நஞ்சுக்குப் பொருந்தும். அசாடிராக்டின் தீனியைத் தடுக்கிறது, தோலுரிப்பைக் குலைக்கிறது. இலைச்சுருட்டுப்புழு உயிரோடு நெளியும், ஆனால் தின்னாது. இதை முன்கூட்டிச் சொல்லாத பயிற்சி உழவரை மறுநாளே மருந்துக்கடைக்கு அனுப்புகிறது. அதைப் பொறுமையின்மை என்பது நியாயமாகத் தோன்றவில்லை. குருத்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் புகுந்தபின் சாறு எட்டாதே என்பர். மெய்தான், எந்தப் பூச்சிக்கு, எந்தப் பருவத்தில் என்று சொல்லாமல் செய்முறையை மட்டும் கற்பிப்பது போதாது என்பதற்கு அதுவும் சான்று.

எப்போது தெளிப்பது என்பதையும் கற்பிக்க வேண்டும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கான பொருளாதாரச் சேதநிலை, அதாவது தெளிப்பைத் தொடங்க வேண்டிய எண்ணிக்கை, தூருக்கு ஒன்று. புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு. சிலந்தியையும் சேர்த்து எண்ணும் இந்தக் கணக்கே பயிற்சியின் நடுவில் இருக்க வேண்டியது. இதற்கு முன்னுதாரணம் உண்டு. இந்தோனேசியாவில் 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டன. தெளிப்பே இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானைப் பெருக்கியது என்பது அதன் பின்னணி. 1989இல் அங்கு தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் முதலில் கற்பித்தது வாரந்தோறும் வயலைப் பார்ப்பதை. மாற்று மருந்தை அன்று. அங்கு விலக்கப்பட்டவை இரசாயனங்கள், வேம்பு சிலந்திக்கு அவ்வளவு தீங்கு செய்யாதே எனலாம். தேவையற்ற தெளிப்பை அது நியாயப்படுத்தாது. கூலி மிகும் என்ற ஆட்சேபத்துக்கும் விடை இதிலேயே உள்ளது: சேதநிலையைத் தொடாத வயலில் தெளிப்பும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே பயிற்சி இரண்டாகப் பிரிய வேண்டும். பொறுக்குவதும் உலர்த்துவதும் கொட்டை உதிரும் ஆனியில். எண்ணிப் பார்ப்பது நட்ட வயலில், பூச்சி ஏறுமுன். பூச்சி கண்டபின் கூட்டும் ஒருநாள் பயிற்சியில் நல்ல கொட்டை சேர்க்கும் காலமும் கடந்துபோயிருக்கும்.