கலப்பும் கலப்படமும்



சில ஆண்டுகளுக்கு முன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பிரான்சிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஒரு போத்தல் இரசம் கொண்டுவந்தார். சக்கிறீஸ்துவில் அதை மேசைமீது வைத்துவிட்டுத் தயக்கத்தோடு கேட்டார்: "சாமி, இது போர்தோ இரசம். ஒரே திராட்சையில் செய்தது அல்ல. மூன்று வகை கலந்தது. பூசைக்கு ஆகுமா? கலப்படம் ஆகிவிடாதா?"

அவர் கேட்டது நல்ல கேள்வி. அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இந்த யூபிலி மலரில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இரசத்தைப் பற்றித் தொடங்கினாலும், முடிவில் இது நம்மைப் பற்றிய காரியமாகவே இருப்பதைக் காண்பீர்கள்.

பிரெஞ்சு நாட்டில் இரசம் செய்வதில் இரண்டு பெரும் மரபுகள் உண்டு. புர்கோஞ் பகுதியில் சிவப்பு இரசத்துக்குப் பினோ நுவார் என்னும் திராட்சை, வெள்ளை இரசத்துக்கு ஷார்தொனே என்னும் திராட்சை; பெரும்பாலும் வேறொன்றும் சேர்ப்பதில்லை. 1395இல் அந்நாட்டுக் கோமகன் துணிவுள்ள பிலிப்பு, கமே என்னும் மற்றொரு வகைக் கொடியைத் தம் நாட்டிலிருந்து பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். 1098இல் தோன்றிய சித்தோ மடத்துத் துறவிகள் வூழோ என்னும் இடத்தில் மதில் எழுப்பித் தோட்டம் வளர்த்ததும் அதே புர்கோஞில்தான். ஒரே வகையைப் பயிரிட்டால் அந்தந்த நிலத்தின் சுவை தெளிவாக வெளிப்படும் என்பது அவர்களுடைய எண்ணம்.

போர்தோ பகுதியின் வழக்கம் வேறு. அங்கே மெர்லோ முந்திப் பழுக்கும். கபெர்னே சொவிஞோன் பிந்திப் பழுக்கும். பூக்கும் பருவத்தில் குளிர் தாக்கினாலோ, அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ ஒன்று நலிந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். மெர்லோ மென்மை தரும். கபெர்னே உறுதி தரும். ஆகவே ஒவ்வொரு வகையையும் தனித்தனியே புளிக்க வைத்து, பிறகு சுவைத்துப் பார்த்து, அளவறிந்து கலப்பார்கள். ஷாம்பாஞ் பகுதியிலும் அப்படியே. அங்கே ஒவில்லேர் மடத்தில் 1668 முதல் 1715 வரை பண்டகக் காப்பாளராக இருந்த தோம் பெரிஞோன் என்னும் பெனடிக்ட் சபைத் துறவி, பல தோட்டத்துத் திராட்சைகளை இணைக்கும் திறமைக்காகவே பேர் பெற்றவர்.

ஆக, ஒருவகை இரசத்தைப் போற்றியவர்களும் துறவிகளே. கலப்பு இரசத்தைப் போற்றியவர்களும் துறவிகளே. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று திருச்சபை ஒருபோதும் தீர்ப்பிடவில்லை.

பின் திருச்சபை எதைக் கேட்கிறது? திருச்சபைச் சட்டம் 924ஆம் எண் கூறுவது இதுதான்: இரசம் இயற்கையானதாய், திராட்சைக் கனியிலிருந்து உண்டானதாய், கெட்டுப்போகாததாய் இருக்க வேண்டும். வேறு பழச்சாறோ, சாயமோ, எசென்ஸோ சேரலாகாது. எந்த வகைத் திராட்சை, எத்தனை வகை என்ற கேள்வியே அங்கு இல்லை. இரசம் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் இக்காலத்தில், அதன் தூய்மையை ஆயர்கள் கண்காணிக்க வேண்டுமென்று 2017இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடலும் இதையே வற்புறுத்தியது.

திராட்சையோடு திராட்சை சேர்வது கலப்பு. திராட்சை அல்லாதது உள்ளே நுழைவது கலப்படம். தமிழில் இவ்விரு சொற்களும் அருகருகே நின்றாலும் பொருளால் வெகுதூரம் விலகி நிற்கின்றன. நம் கடைவீதிகளில் "ஒயின்ஸ்" என்று பலகை மாட்டிய கடைகளைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் விற்பது பிராந்தியும் விஸ்கியும். அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயமே. பெயர் திராட்சையினுடையது, சரக்கோ கரும்பினுடையது! அந்தக் கடைகளால் அழிந்த குடும்பங்களை நான் அறிவேன்; ஆகவே இக்கட்டுரையைக் குடிக்கு ஆதரவாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒருவகை இரசம் என்று பெருமையோடு சொல்கிறோமே, அந்த "ஒரு வகை"யின் பிறப்பு என்ன? கபெர்னே சொவிஞோன், கபெர்னே பிரான் என்ற கருப்புத் திராட்சைக்கும் சொவிஞோன் பிளான் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளை என்று 1997இல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் மரபணு ஆய்வால் மெய்ப்பித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நாம் வாங்கித் தின்னும் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் அவ்வகையும் இரண்டு ஐரோப்பியத் திராட்சைகளின் கலப்பில் பிறந்ததே. தூய ஒற்றை என்று நாம் எண்ணுவதன் வேரிலேயே கலப்பு இருக்கிறது.

இப்பொழுது நம் புதுவையின் வரலாற்றுக்கு வருவோம். சம்பா கோவிலில் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745இல் காரைக்காலிலிருந்து வந்த குருவானவரிடம் ஒடுக்கப்பட்டோர் முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே அப்பம், ஒரே கிண்ணம், நடுவில் சுவர்! அந்தச் சுவரைக் கட்டியவர்களும் தூய்மையைக் காப்பதாகவே எண்ணியிருப்பார்கள். அவர்கள் கலப்பைக் கலப்படம் என்று எண்ணி மயங்கினார்கள். உண்மையில் கிறிஸ்துவின் கொடியில் இல்லாத அந்நியப் பொருள், அதாவது சாதி, அதுவே அங்கு நுழைந்த கலப்படம்.

கல் சுவரை ஒரே நாளில் இடிக்கலாம். உள்ளத்துச் சுவர் அப்படி இடிவதில்லை. சாதிக்கொரு பகுதியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் இன்றும் உண்டு. பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரும்போது "கலப்பு" என்ற சொல் நம் வீடுகளில் எந்தத் தொனியில் உச்சரிக்கப்படுகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கட்டும். சாமியார் வீட்டிலும் இக்கேள்வி எழாமல் இல்லை. என் சொந்தக் குடும்பத்திலும் எழுந்தது. அப்போது நான் வாய்திறக்கத் தாமதித்தேன். அந்தத் தாமதத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

காணிக்கைப் பகுதியில் குருவானவர் இரசத்தில் ஒரு துளி நீர் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 258இல் மறைசாட்சியாக மரித்த கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் இதற்குப் பொருள் கூறினார்: இரசம் கிறிஸ்து, நீர் மக்கள், கலந்தபின் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்க முடியாது. 1562இல் திரிதெந்தீன் சங்கமும் இவ்வழக்கத்தை உறுதிப்படுத்தியது. பல பழங்கள் பிழியப்பட்டு ஒரே இரசம் ஆவதைக் காட்டித் திருச்சபையின் ஒருமைப்பாட்டைப் புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் புனித அகுஸ்தினார் விளக்கினார். பிழியப்படாமல் எந்தப் பழமும் இரசம் ஆவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

கோரிமேடு எல்லையில் அமைந்த ஊர். ஜிப்மர் மருத்துவமனையை ஒட்டி, வேலைக்காகவும் பிழைப்புக்காகவும் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாம். தென்னாற்காட்டுப் பேச்சும் புதுவைப் பேச்சும் பிற ஊர்ப் பேச்சும் நம் கோவில் முற்றத்தில் ஒலிக்கின்றன. நாம் போர்தோ இரசத்தைப் போன்றவர்கள். ஒருவர் நலிந்த ஆண்டில் மற்றவர் கைகொடுத்ததால்தான் இந்தப் பங்கு இந்த யூபிலியைக் காண்கிறது.

அந்தப் பெரியவருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, இதில் திராட்சையைத் தவிர வேறொன்றும் இல்லை என்றால் பூசைக்கு ஆகும். எத்தனை வகை என்று ஆண்டவர் கேட்கமாட்டார்."

கொடியும் கிளைகளுமாய் நம்மை இணைத்த இறைவன், இந்த யூபிலி ஆண்டில் நம்மிடையே எஞ்சியுள்ள சுவர்களையும் இடித்து, நம்மை ஒரே கிண்ணத்தின் இரசமாக்கி ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவரில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை