அந்தமான் பார்களில் ஜிக் தூண்டில்

அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றிக் கடலடியில் உயர்ந்து நிற்கும் பாறைத் திட்டுகளில், ஓட்டம் மிகுந்த நீரில், கனமான உலோகப் பொய்யிரையைச் செங்குத்தாக இறக்கி ஏற்றி மீன் பிடிக்கும் முறை ஜிக் தூண்டில் எனப்படுகிறது. பெரும்பாலும் ஈயத்தில் வார்க்கப்படும் அந்தப் பொய்யிரைக்குத்தான் ஜிக் என்று பெயர். வேறு நாடுகளில் பேராறுகளின் பாறை இடுக்குகளிலும் இதே முறையில் மீன் பிடிக்கிறார்கள். இத்தீவுகளில் ஆறுகள் குறைவு. வட அந்தமானில் சேடில் சிகரத்துச் சரிவிலிருந்து இறங்கும் கல்போங்கும், கிரேட் நிக்கோபாரில் கலத்தியா போன்ற சிலவுமே குறிப்பிடத்தக்கவை. ஆற்றின் வேகத்தோடு நீர் பாய்வது தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களில்தான்.

தமிழ் மீனவர் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பர். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளைந்த இடங்கள் முத்துப் பார்கள் என்றே வழங்கப்பட்டன. ஜிக் தூண்டிலில் அதிகம் தேடப்படும் மீனும் பாரைதான். பாறை என்றும் எழுதுவார்கள். அதோடு களவா, செப்பிலி, விளமீன், வஞ்சிரம், சூரை வகைகள், ஷீலா ஆகியவையும் அகப்படும். டாக்டூத் எனப்படும் பெரும் சூரை, பாரின் விளிம்பு செங்குத்தாக ஆழத்தில் இறங்கும் இடங்களை விட்டு அதிகம் விலகாது.

ஓட்டம் எங்கிருந்து வருகிறது

மியான்மரின் அரக்கான் மலைகளுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடலில் மூழ்கிக் கிடக்கும் மலைத்தொடரின் உச்சிகளே இத்தீவுகள். மேற்கே வங்காள விரிகுடா, கிழக்கே அந்தமான் கடல். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் நீர், இந்தத் தொடரின் இடைவெளிகள் வழியாகவே அங்கும் இங்கும் போய்வர வேண்டும். ரட்லண்ட் தீவுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் இடையே டங்கன் கால்வாய்; லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே சுமார் 150 கி.மீ. அகன்ற பத்து டிகிரிக் கால்வாய். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 2 மீட்டர்தான். ஆனால் அந்த 2 மீட்டர் நீரும் குறுகிய வாயிலில் நுழையும்போது வேகம் பிடித்துவிடுகிறது. அட்டமியை ஒட்டிய நாள்களில் ஓட்டம் தளரும்.

அந்தமான் கடலில் இன்னொரு இயக்கமும் உண்டு. மேலே வெதுவெதுப்பான நீரும் அடியில் குளிர்நீரும் சேருமிடத்தில், கண்ணுக்குத் தெரியாத பேரலைகள் ஓடுகின்றன. 1980-இல் ஆஸ்போர்ன், பர்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் இவற்றை விரிவாக விளக்கினர். 60 மீட்டர் அளவு உயரம் கொண்ட உள்ளலைகள் அவை. கடல் மேற்பரப்பில் அவற்றின் தடயம், அமைதியான நீரின் நடுவே குறுக்காக நீண்டு ஓடும் கொந்தளிப்புப் பட்டை மட்டுமே. அது கடந்துபோகும்போது மேல்நீர் ஒரு திசையிலும் அடிநீர் எதிர்த்திசையிலும் இழுக்கும். நேராக நின்ற தூண்டில் நரம்பு திடீரென்று சாய்வதற்கு மீன் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

மீன் நிற்கும் இடம்

பாருக்குப் பின்னால், ஓட்டம் படாத மறைவில்தான் மீன் இருக்கும் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. இந்த முறையில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான் என்பேன். ஓடிவரும் நீர் பாறையில் மோதி மேலெழும்பும். அதோடு நுண்ணுயிர்களும் விளிம்புக்கு வந்து சேரும். அவற்றைத் தின்ன ஃபியூசிலியர் போன்ற சிறு மீன்கள் நீர் வரும் பக்கமாக முகம் வைத்துக் கூட்டமாக நிற்கும். அவற்றுக்கு அடியிலும் ஓரத்திலும் பாரை காத்திருக்கும். ஆக, வேட்டை நடப்பது நீர் வந்து மோதும் முகத்தில். பின்பக்க மறைவில் பொதுவாகக் களவாவே அதிகம். நீர் முற்றிலும் நின்றுவிட்டால் இந்த ஒழுங்கு கலைந்து மீன்கள் சிதறிவிடும். எனவே நீர் நிற்பதற்குச் சற்று முன்னும், மறுபடி ஓடத் தொடங்கும்போதும் உள்ள வேளையே சிறந்தது: மீன் இடத்தில் இருக்கும், ஜிக்கும் அடியை எட்டும்.

படகை நிறுத்துவதில்லை

ஆற்றில் நங்கூரமிட்டு மீன் பிடிக்கலாம். ஆனால் 80 மீட்டர் ஆழத்தில், பவளம் படர்ந்த பாரில் நங்கூரம் போடுவது பவளத்துக்கும் கேடு, படகுக்கும் ஆபத்து. இங்கே படகை ஓட்டத்தோடு மிதக்கவிடுவார்கள். நீரும் படகும் ஒரே வேகத்தில் போவதால் நரம்பு ஓரளவு நேராகவே இறங்கும். காற்றும், மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வேக வேறுபாடுமே அதைச் சாய்க்கின்றன. ஆனால் அடித்தரை நகர்வதில்லை. ஓட்டம் 2 நாட் என்றால் படகு நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் விலகுகிறது. ஜிக் அடியைத் தொட 40 நொடி ஆகுமானால், அதற்குள் படகு 40 மீட்டர் போயிருக்கும். பாரின் உச்சிக்கு நேர் மேலே வந்தபின் ஜிக்கைப் போட்டால் அது பாருக்கு அப்பால்தான் விழும். நீர் வரும் பக்கமாக முன்கூட்டியே போய்ப் போட வேண்டும். கடந்ததும் மீண்டும் சுற்றி வர வேண்டும்.

இந்தக் கணக்கு இன்று ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் துணையோடு நடக்கிறது. கரையிலுள்ள மலைமுகடு, கோபுரம் போன்ற இரண்டிரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் சேர்த்துப் பாரின் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பழைய முறைக்குத் திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் ‘கணிச்சம்’ என்று பெயர். கருவி ஏதுமின்றி, தலைமுறை தலைமுறையாக மனத்திலேயே வைத்திருந்த வரைபடம் அது; இதைவிடக் கூர்மையான கடலறிவு அரிது.

கருவியும் கையும்

ஜிக் இலைபோல் நீண்டு தட்டையாக இருக்கும். 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில், ஓட்டத்தைப் பொறுத்து 150 முதல் 300 கிராம் வரை எடை தேவைப்படும். டங்ஸ்டன், ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது. அதே எடையில் சிறிதாக இருப்பதால் விரைவாக இறங்கும், விலை அதிகம். நரம்பு மெல்லியதாக இருப்பது இன்னும் முக்கியம். நீரின் வேகம் இருமடங்கானால் நரம்பின்மேல் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். தடித்த தங்கூசிக்குப் பதிலாக மெல்லிய பின்னல் நரம்பு வந்தபின்தான் ஆழத்தில் ஜிக் போடுவது எளிதாயிற்று. தூண்டில் முள் ஜிக்கின் அடியில் இல்லாமல், தலைப்பகுதியில் குட்டையான கயிற்றில் தொங்கும். பாறையில் சிக்குவது இதனால் வெகுவாகக் குறைகிறது.

ஜிக் இறங்கும்போது விரல் நரம்பிலேயே இருக்கும். அடி தொட்டதும் ஓடிக்கொண்டிருந்த நரம்பு சட்டென்று துவளும். அந்த நொடியிலேயே இரண்டு சுற்று சுற்றித் தூக்காவிட்டால், நகரும் படகு ஜிக்கைப் பாறை இடுக்குக்குள் இழுத்துவிடும். பிறகு தூண்டில் கோலை உயர்த்துவதும் சுற்றுவதுமாக 20 மீட்டர் வரை ஏற்றி, மறுபடி விட வேண்டும். ஜப்பானில் வளர்ந்த வேக முறையில் ஜிக் அடிபட்ட மீனைப்போல் மேல்நோக்கிப் பாயும். பாரைக்கு அது ஏற்றது. அங்கேயே பின்னர் நோரிஹிரோ சாட்டோ பரப்பிய மெதுமுறையில், ஜிக் பக்கவாட்டில் சாய்ந்து இலை உதிர்வதுபோல் விழும். களவாவும் செப்பிலியும் அந்த விழுகையில்தான் கவ்வுகின்றன. அடியைத் தொடுமுன்பே நரம்பு துவண்டால், இடையில் மீன் கவ்விவிட்டது என்று பொருள்.

எல்லைகள்

வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும், ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவிலும் மீன்பிடிக்கத் தடை உள்ளது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைல் வரை செல்லக் கூடாது. 2006-இல் அங்கே இரவில் தூங்கிய இரு மீனவர்களின் படகு நங்கூரம் நழுவி, ஓட்டத்தில் கரையொதுங்க, இருவரும் தீவுவாசிகளால் கொல்லப்பட்டனர். களவா இனத்தில் மிகப் பெரியதான ராட்சதக் களவா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது.

களவா பெரும்பாலும் பெண்ணாக வளர்ந்து பின்னர் ஆணாக மாறும் மீன். பாரிலுள்ள பெரிய களவாக்களை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் அங்கே ஆண் மீன்கள் அருகிவிடும். பிடித்து விட்டுவிடுகிறோம் என்று சொன்னால் மட்டும் போதாது. 90 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 10 மடங்கு. அங்கிருந்து ஏற்றினால் மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு பத்து மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழி தள்ளி, வயிறு மேலாக மிதக்கும் களவாவை அப்படியே விட்டால் அது கழுகுக்கும் சுறாவுக்கும்தான் இரையாகும். எடை கட்டிய கவ்வியைக் கீழ்த்தாடையில் மாட்டி, மீனை மீண்டும் ஆழத்துக்கே இறக்க வேண்டும். அங்கே வாயு சுருங்கியபின் கவ்வி விடுபடும், மீன் பாரை நோக்கித் தானே நீந்திச் செல்லும்.